ஏபெக்ஸுக்கு எந்த வெப் சர்வர்? முதலில் கனெக்ஷனை எண்ணுங்கள்

நீங்கள் கேட்டிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரக்கிள் டேட்டாபேஸின் மேல் வெப் செயலிகள் எழுத உதவும் ஏபெக்ஸில் எழுதிய ஒரு செயலி, அலுவலகத்துக்குள் நாற்பது பேர் பயன்படுத்துகிறார்கள். ஆரக்கிளின் இலவசப் பதிப்பான 11ஜி எக்ஸ்இ காலத்தில் போட்டது. டேட்டாபேஸை 19சி-க்கு மாற்றிய பிறகும் டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் பிஎல்எஸ்கியூஎல் (ஆரக்கிளின் நிரல்மொழி) கேட்வே வழியாகத்தான், அதாவது ஈபிஜி வழியாகத்தான், 8080 போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அதை வெளியூர் டீலர்களுக்கும் திறக்கப் போகிறார்கள். மொத்தம் 2000 பேர் வரலாம். ஓஆர்டிஎஸ் என்ற ஆரக்கிளின் தனி சர்வர் போடுவதா, அப்பாச்சி வெப் சர்வரில் மாட்-பிஎல்எஸ்கியூஎல் என்ற இணைப்பு மாட்யூல் போடுவதா? ஓஆர்டிஎஸ் என்றால் டாம்கேட்டா, வெப்லாஜிக்கா (இரண்டும் ஜாவா செயலிகளை ஓட்டும் சர்வர்கள்), தனியாகவே ஓடவிடுவதா? ஆள் கூடினால் எது தாங்கும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓஆர்டிஎஸ், அதுவும் தனியாக ஓடும் வடிவில், இரண்டு சர்வரில். முன்னால், ரிக்வெஸ்ட்களை இரண்டுக்கும் பிரித்து அனுப்ப, ஒரு என்ஜின்எக்ஸ் அல்லது உங்களிடம் ஏற்கனவே இருக்கும் லோடு பேலன்சர். 2000 பேருக்கு இது தாராளம். ஆனால் இதைப் படித்துவிட்டு நேராக இன்ஸ்டால் செய்யப் போய்விடாதீர்கள். உங்கள் செயலி தாங்குமா தாங்காதா என்பதை டாம்கேட்டோ வெப்லாஜிக்கோ தீர்மானிக்கப் போவதில்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு டேட்டாபேஸ் கனெக்ஷனை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் தீர்மானிக்கும். அந்தக் கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடலாம்.

ஈபிஜி, ஆரக்கிள் டேட்டாபேஸின் ஒரு பகுதியான எக்ஸ்எம்எல் டிபி-யின் எச்டிடிபி சர்வருக்குள் ஓடுவது. ஒவ்வொரு ரிக்வெஸ்டும், வேலையைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்பாச்சர் வழியாக, பலர் பகிர்ந்துகொள்ளும் ஒரு ஷேர்டு சர்வர் பிராசஸுக்குப் போகிறது. ஏபெக்ஸின் பழைய இன்ஸ்டலேஷன் கையேட்டிலேயே, சிறிய குழுவுக்கு ஷேர்டு சர்வர்ஸ் அளவை 5 என்று வையுங்கள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது எந்த மாதிரி இடத்துக்காகச் செய்யப்பட்டது என்பது அந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும். படங்கள், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள்கூட டேட்டாபேஸுக்குள்ளிருந்துதான் வருகின்றன. ஒரு ஐகானைக் காட்டவும் டேட்டாபேஸ் வேலை செய்ய வேண்டும். இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. வெப் சர்வரையும் டேட்டாபேஸையும் பிரிக்கவே முடியாது என்பதால், இணையத்துக்குத் திறந்தால் டேட்டாபேஸ் இருக்கும் மெஷினையே திறந்ததாக ஆகிவிடும். அலுவலகத்துக்குள் நாற்பது பேருக்கு இத்தனை வருடம் ஓடியிருக்கிறது, சரி. டீலர்களுக்கு வேண்டாம்.

மாட்-பிஎல்எஸ்கியூஎல் ஒரு காலத்தில் நம்பகமான வழியாகத்தான் இருந்தது. ஆனால் ஆரக்கிள் எச்டிடிபி சர்வர் 12.1.3 வெளியீட்டோடு அது கைவிடப்படும் பட்டியலுக்குப் போனது, 12.2-இல் இல்லவே இல்லை. இன்று புதிதாக அதைப் போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. அதன் பூலிங் (திறந்த கனெக்ஷன்களைச் சேர்த்து வைத்து மறுபடி பயன்படுத்துவது) வேலை செய்த விதத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும்: அப்பாச்சியின் ஒவ்வொரு பிராசஸும் தனக்கென்று கனெக்ஷனை வைத்துக்கொள்ளும், பக்கத்து பிராசஸோடு பகிர்ந்துகொள்ளாது. நூற்றைம்பது பிராசஸ் என்றால் டேட்டாபேஸில் நூற்றைம்பது செஷன் வரை போய்விடும், பெரும்பாலானவை சும்மா இருந்தாலும்கூட.

மிஞ்சுவது ஓஆர்டிஎஸ். 2010-இல் ஏபெக்ஸ் லிசனர் என்ற பெயரில் வந்தது, பிறகு ஆரக்கிள் ரெஸ்ட் டேட்டா சர்வீசஸ் ஆனது. ஜாவாவில் எழுதியது. தனக்குள் ஒரே கனெக்ஷன் பூல் வைத்துக்கொண்டு வருகிற எல்லா ரிக்வெஸ்டுக்கும் அதிலிருந்தே எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தால், ஓஆர்டிஎஸ் பூலிலிருந்து ஒரு கனெக்ஷனை எடுக்கிறது, ஏபெக்ஸ் அந்தப் பயனரின் செஷன் நிலையை டேபிளிலிருந்து படிக்கிறது, பக்கத்தைத் தயாரிக்கிறது, எச்டிஎம்எல் வெளியே போகிறது, கனெக்ஷன் சுத்தமாகிப் பூலுக்குத் திரும்புகிறது. அந்தப் பயனர் அதைப் படித்துக்கொண்டிருக்கும் நேரம் முழுக்க, டீ குடிக்கப் போனாலும், அவர் பெயரில் டேட்டாபேஸில் எந்தக் கனெக்ஷனும் இல்லை.

ஏபெக்ஸ் பெரிதாக வளர முடிவதற்கு முழுக் காரணமும் இதுதான். பழைய ஆரக்கிள் ஃபார்ம்ஸ் செயலிகளில் ஒரு ஆளுக்கு ஒரு செஷன் காலையிலிருந்து மாலை வரை பிடித்திருக்கும். அந்தப் பழக்கத்திலேயே நிறைய டிபிஏக்கள் (டேட்டாபேஸ் நிர்வாகிகள்) "2000 பயனர் என்றால் 2000 கனெக்ஷன், முடியாது" என்கிறார்கள். ஏபெக்ஸுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது.

சரி, கணக்கு. சூத்திரம் ஒன்றுதான்: ஒரு நொடிக்கு வரும் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை, ஒரு ரிக்வெஸ்ட் எடுக்கும் நேரத்தால் பெருக்கினால், சராசரியாக எத்தனை கனெக்ஷன் வேலையில் இருக்கும் என்று வரும்.

உங்கள் 2000 பேரில் உச்ச நேரத்தில் 300 பேர் உண்மையாகவே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பதினைந்து நொடிக்கு ஒரு முறை எதையாவது தட்டுகிறார். நொடிக்கு 20 ரிக்வெஸ்ட். ஒரு சாதாரண ஏபெக்ஸ் பக்கம் 0.15 நொடி எடுக்கிறது. 20-ஐ 0.15-ஆல் பெருக்கினால் 3. ஆம், மூன்றே மூன்று கனெக்ஷன். முதல் முறை இதைப் பார்ப்பவர்கள் நம்பமாட்டார்கள், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது அந்த இருபதில் ஒன்று மட்டும் ஒரு கனமான ரிப்போர்ட் என்று வையுங்கள். டீலர் நிலுவை, மூன்று வருட இன்வாய்ஸ், இன்டெக்ஸ் சரியில்லை, 8 நொடி. மற்ற 19-க்கும் 2.85 கனெக்ஷன் போதும். அந்த ஒன்றுக்கு மட்டும் 8. மொத்தம் 11-ஐ நெருங்குகிறது. மற்ற எல்லாப் பக்கமும் சேர்ந்து பிடிப்பதைப் போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு நேரத்தை ஒரே பக்கம் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கொயரியைச் சரிசெய்து அரை நொடிக்குக் கொண்டுவந்தால் மொத்தம் மூன்றரைக்கும் கீழே இறங்கிவிடும். டாம்கேட்டிலிருந்து வெப்லாஜிக்குக்கு மாறினாலோ, இரண்டு சர்வரை நான்காக ஆக்கினாலோ இந்தப் பலன் கிடைக்கவே கிடைக்காது.

என் எண்களை நம்ப வேண்டாம், உங்களுடையதை எடுங்கள். ஏபெக்ஸே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஏபெக்ஸ் ஒர்க்ஸ்பேஸ் ஆக்டிவிட்டி லாக் என்று ஒரு வியூ இருக்கிறது. அதில் ஒவ்வொரு பக்கத் திறப்புக்கும் பக்க எண், நேரம், எத்தனை நொடி எடுத்தது என்பதெல்லாம் இருக்கும். உங்கள் அலுவலகத்தின் மிகப் பரபரப்பான ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எலாப்ஸ்டு டைம் முழுவதையும் கூட்டுங்கள், 3600-ஆல் வகுத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை கனெக்ஷன் வேலையில் இருந்தது என்பது கைக்கு வந்துவிடும். அதே கூட்டலைப் பக்க எண் வாரியாகப் பிரித்துப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். முதல் ஐந்து வரிகள்தான் டீலர்களுக்குத் திறப்பதற்கு முன் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பக்கங்கள். இந்த லாக் நிரந்தரமாக இருக்காது, வழக்கமான அமைப்பில் 14 நாளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மாதக் கடைசி, வருடக் கடைசி நெருக்கடி நாட்களின் பதிவைத் தனி டேபிளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கனெக்ஷனைப் பிடித்துவைப்பதில் கொயரியைவிட மோசமான ஒன்று இருக்கிறது: பக்கத்துக்குள்ளிருந்தே வெளி வெப் சர்வீஸைக் கூப்பிடுவது. எஸ்எம்எஸ், பேமென்ட், ஜிஎஸ்டி சரிபார்ப்பு, எதுவானாலும். ஏபெக்ஸ் வெப் சர்வீஸ் பேக்கேஜ் அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் முழுக்க ஒரு டேட்டாபேஸ் கனெக்ஷன் சும்மா நிற்கும். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் காத்திருக்கும் கால எல்லை 180 நொடி! நான் பார்த்த ஒரு இடத்தில் ஓடிபி அனுப்பும் சேவை மெதுவானது, அவ்வளவுதான். டேட்டாபேஸ் சிபியு பத்து சதவிகிதத்தைக்கூடத் தொடவில்லை, ஆனால் லாகின் பக்கமே யாருக்கும் திறக்கவில்லை. பூலில் இருந்த அத்தனை கனெக்ஷனும் வெளியே யாரோ பதில் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தன. வெளி அழைப்பு எதுவாக இருந்தாலும் பின்னணியில் ஓடும் ஷெட்யூலர் ஜாபுக்குத் தள்ளுங்கள், அல்லது ஏபெக்ஸ் 23.1-இல் வந்த பின்னணி எக்ஸிக்யூஷன் செயினைப் பயன்படுத்துங்கள். பதில் உடனே வேண்டியே தீரும் என்றால் கால எல்லையை ஐந்து நொடிக்குக் குறையுங்கள்.

இனி பூல் அளவு. ஓஆர்டிஎஸ்-இல் ஜேடிபிசி இனிஷியல் லிமிட், ஜேடிபிசி மேக்ஸ் லிமிட் என்று இரண்டு அமைப்புகள்: முதலாவது பூல் தொடங்கும்போது திறக்கும் கனெக்ஷன் எண்ணிக்கை, இரண்டாவது உச்ச அளவு. பழைய பதிப்புகளில் மேக்ஸ் லிமிட் தானாக 10 என்று இருக்கும். சோதனைக்குச் சரி, நிஜத்துக்குச் சின்னது. அதற்காக 300, 500 என்று தூக்கி வைப்பது இன்னும் பெரிய ஆபத்து. டேட்டாபேஸில் எட்டு கோர்தான் இருக்கிறது என்றால் ஒரே சமயத்தில் உண்மையாக ஓடக்கூடியது எட்டுதான், மற்றதெல்லாம் டிஸ்க்குக்கோ லாக்குக்கோ காத்திருக்கும், அல்லது ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும். ஆரக்கிளின் ரியல் வேர்ல்டு பெர்ஃபார்மன்ஸ் குழு செய்துகாட்டிய ஒரு சோதனை பிரபலம்: வேறு எதையும் தொடாமல் பூல் அளவை மட்டும் குறைத்ததில் பதில் நேரம் சுமார் 100 மில்லிசெகண்டிலிருந்து சுமார் 2 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. போஸ்ட்கிரெஸ் ஆட்கள் வைத்திருக்கும் கைக்கணக்கு, கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி அதோடு டிஸ்க் எண்ணிக்கையைக் கூட்டுவது. எட்டு கோர், ஒரு டிஸ்க் என்றால் 17 வரும். தொடங்குவதற்கு நல்ல எண்.

உங்களுக்கு நான் சொல்வது, ஒரு சர்வருக்கு 20, இரண்டு சர்வரும் சேர்த்து 40. ஒன்று விழுந்தாலும் மற்றொன்றின் 20, மேலே பார்த்த 11-ஐத் தாங்கும். இனிஷியலையும் மேக்ஸையும் ஒரே எண்ணாக வையுங்கள். கூட்டம் கூடும் நேரத்தில்தான் பூல் புதிய கனெக்ஷன் திறக்க ஓடும்; புதிய கனெக்ஷன் திறப்பதோ டேட்டாபேஸுக்கு விலையுயர்ந்த வேலை; ஏற்கனவே திணறும்போது அதையும் சேர்த்துச் செய்யவைக்க வேண்டாம். பூல் நிரம்பினால் மேற்கொண்டு வருபவர்கள் ஓஆர்டிஎஸ்-இல் கொஞ்சம் காத்திருப்பார்கள். அது நல்லது. டேட்டாபேஸுக்குள் முந்நூறு பேர் நெரிபடுவதைவிட வெளியே முப்பது பேர் ஒரு நொடி நிற்பது எவ்வளவோ மேல்.

இன்னொரு எண்ணையும் பாருங்கள்: ஒரு கொயரி எவ்வளவு நேரம் ஓடலாம் என்று சொல்லும் ஜேடிபிசி ஸ்டேட்மென்ட் டைம்அவுட், ஓஆர்டிஎஸ்-இல் வழக்கமாக 900 நொடி. ஒரு பக்கத்துக்காக யாரும் பதினைந்து நிமிடம் காத்திருக்க மாட்டார்கள், பிரவுசரை மூடிவிட்டு மறுபடி திறப்பார்கள், பழைய கொயரி அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும், புதியதும் ஓடும். வெளியாட்களுக்குத் திறக்கும்போது 60, 90 என்று கொண்டுவந்துவிடுங்கள்.

இதனால்தான் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸில் போட்டு, கூட்டம் கூடினால் தானாகப் பெருகும்படி ஆட்டோஸ்கேல் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் தயங்கியே பதில் சொல்வேன். ஓஆர்டிஎஸ்-க்கு ஆரக்கிளே கன்டெய்னர் இமேஜ் தருகிறது, ஓடவைப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் நினைத்துப் பாருங்கள்: டேட்டாபேஸ் மெதுவாகிறது, ரிக்வெஸ்ட்கள் தேங்குகின்றன, ஆட்டோஸ்கேலர் அதைப் பார்த்துப் புது பாட் (ஓஆர்டிஎஸ்-இன் இன்னொரு பிரதி) எழுப்புகிறது, ஒவ்வொரு பாடும் வந்தவுடன் தன் பங்குக்கு இருபது கனெக்ஷன் திறக்கிறது, டேட்டாபேஸ் இன்னும் மெதுவாகிறது, இன்னும் நான்கு பாட். கடைசியில் டேட்டாபேஸ் அனுமதிக்கும் பிராசஸஸ் அளவு தீர்ந்து ஓஆர்ஏ-00020 என்ற பிழை வரும்போது, உள்ளே போய்ப் பார்க்க டிபிஏவுக்கே இடம் இருக்காது. பாட் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வையுங்கள். அந்த உச்சவரம்பைப் பூல் அளவால் பெருக்கினால் வருவது டேட்டாபேஸின் பிராசஸஸ் அளவுக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். 2000 பேருக்கு இந்த ஏற்பாடே தேவையில்லை என்பது என் கருத்து.

டாம்கேட்டா, வெப்லாஜிக்கா, தனியாகவா? தனியாக ஓடும் வடிவத்தில் ஓஆர்டிஎஸ்-க்குள்ளேயே ஜெட்டி என்ற ஜாவா வெப் சர்வர் இருக்கிறது. பழைய ஏபெக்ஸ் லிசனர் காலத்து ஆவணங்களில் இந்த வடிவம் சோதனைக்கு மட்டும்தான் என்று எழுதியிருந்தது, அதை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். அந்த நிலை மாறிப் பல வருடம் ஆகிவிட்டது, இப்போது நிஜப் பயன்பாட்டுக்கும் ஆதரவு உண்டு. வெப்லாஜிக் ஏற்கனவே லைசென்ஸோடும் அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளோடும் இருந்தால் அதில் போடுங்கள், ஏபெக்ஸுக்காக மட்டும் அதை வாங்காதீர்கள். டாம்கேட், உங்கள் குழுவில் வேறு ஜாவா செயலிகளுக்கு ஏற்கனவே இருந்தால் சரி. ஒன்றில் கவனம்: டாம்கேட் 10-இல் ஜாவாஎக்ஸ் என்ற பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா என்று மாறிவிட்டன. டாம்கேட் 9-க்காகச் செய்த ஓஆர்டிஎஸ் அதில் எழுந்திருக்காது, காரணமும் லேசில் பிடிபடாது. இறக்குவதற்கு முன் பதிப்புப் பொருத்தத்தைப் பார்த்துவிடுங்கள். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் வேகம் ஒன்றுதான், ஏனென்றால் நேரம் போவது டேட்டாபேஸில். யார் பேட்ச் போடுவார், யார் இரவில் எழுந்து பார்ப்பார் என்பதை வைத்து முடிவெடுங்கள்.

22.1-லிருந்து ஓஆர்டிஎஸ்-இன் கான்ஃபிகரேஷன் ஃபோல்டர் எங்கே இருக்கிறது என்பதை அதன் டபிள்யூஏஆர் (ஜாவா செயலித் தொகுப்பு) கோப்புக்குள் எழுதிவைப்பதில்லை, பாஸ்வேர்டு வாலட் என்ற பூட்டிய கோப்பில் இருக்கிறது. இரண்டாவது சர்வரைத் தயார்செய்வது இதனால் மிக எளிதாகிவிட்டது: அதே ஃபோல்டரைக் கொண்டுபோய் வைத்தால் போதும். இரண்டு சர்வரிலும் ஓஆர்டிஎஸ் பதிப்பு ஒன்றாகவே இருக்கட்டும், அதன் ஸ்கீமா டேட்டாபேஸில் ஒன்றுதான். ஏபெக்ஸ் செஷன் நிலையும் டேபிளில் இருப்பதால், லோடு பேலன்சர் ஒருவரை ஒரே சர்வருக்கே அனுப்ப வேண்டிய கட்டாயம் ஏபெக்ஸ் பக்கங்களுக்கு இல்லை. காலையில் முதல் சர்வரில் லாகின் செய்தவர் அடுத்த கிளிக்கில் இரண்டாவதற்குப் போனாலும் ஒன்றும் தெரியாது.

முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸில் எல்லாரும் சறுக்கும் ஒரு இடம் உண்டு. எச்டிடிபிஎஸ் அங்கே முடிந்துவிடும், ஓஆர்டிஎஸ்-க்குச் சாதாரண எச்டிடிபியாகப் போகும். லாகின் பக்கம் அழகாகத் திறக்கும். பாஸ்வேர்டு போட்டு அழுத்தினால் 403. காரணம், பிரவுசர் தான் எச்டிடிபிஎஸ் முகவரியிலிருந்து வருவதாகச் சொல்கிறது, ஓஆர்டிஎஸ்ஸோ தன்னை எச்டிடிபி முகவரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது; வேறு தளத்திலிருந்து வந்த ரிக்வெஸ்ட் என்று மறுத்துவிடுகிறது. அசல் ஹோஸ்ட் ஹெடரையும், எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரையும் என்ஜின்எக்ஸிலிருந்து அனுப்புங்கள், ஓஆர்டிஎஸ்-இல் செக்யூரிட்டி எச்டிடிபிஎஸ் ஹெடர் செக் என்ற அமைப்பில் அந்த ஹெடரைக் குறிப்பிடுங்கள். அநேகமாக அதோடு தீர்ந்துவிடும். டேட்டாபேஸின் 1521 போர்ட், இந்த இரண்டு ஓஆர்டிஎஸ் சர்வருக்கும் டிபிஏ மெஷினுக்கும் தவிர வேறு யாருக்கும் திறந்திருக்கக் கூடாது.

ஏபெக்ஸின் ஸ்டாட்டிக் கோப்புகளை, ஐ என்ற ஃபோல்டரை, என்ஜின்எக்ஸிலேயே வைத்துக் கொடுங்கள். அல்லது ஆரக்கிள் இணையத்தில் இதற்கென வைத்திருக்கும் சிடிஎன் சர்வர்களைப் பயன்படுத்துங்கள். டீலர்கள் எப்படியும் இணையத்தில்தான் இருப்பார்கள். அலுவலக நெட்வொர்க்கில் வெளி இணையம் மூடியிருந்தால் மட்டும் சிடிஎன் ஒத்துவராது. ஏபெக்ஸை மேம்படுத்தும்போது இந்த ஃபோல்டரை மறந்துவிட்டால், பட்டன் பாதி வேலை செய்யும், ரிப்போர்ட் திறக்காது, ஸ்டாட்டிக் கோப்பு அமைப்பில் சிக்கல் என்று ஒரு எச்சரிக்கையும் வரும். மேம்படுத்தும் வேலைப் பட்டியலில் இதையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

மாறுவதற்கு ஒரே இரவில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. ஈபிஜியும் ஓஆர்டிஎஸ்ஸும் ஒரே ஏபெக்ஸுக்கு இரண்டு வாசல்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடலாம். ஓஆர்டிஎஸ்-ஐ எழுப்பி, முதலில் உங்கள் குழுவையும், அப்புறம் அந்த நாற்பது பேரையும் புது முகவரிக்கு மாற்றுங்கள். ஒரு மாதக் கடைசி கடக்கட்டும். ஆக்டிவிட்டி லாகில் மேலே சொன்ன வகுத்தலைப் போட்டுப் பார்த்து, முதல் ஐந்து பக்கங்களைச் சரிசெய்துவிட்டு, டீலர்களை ஊர் ஊராகச் சேருங்கள். எல்லாரும் வந்து சேர்ந்ததும் டிபிஎம்எஸ் எக்ஸ்டிபி பேக்கேஜில் இருக்கும் செட் எச்டிடிபி போர்ட்டைக் கூப்பிட்டு எண்ணை 0 ஆக்கிவிடுங்கள். 8080 அதோடு மூடிவிடும்.